ஒரு சொட்டு எறங்கலீங்க

படுதாவுல கை வெக்காதீங்க. மழை விடட்டும். தூத்தல்தானேன்னு ஒரு ஓரத்தத் தூக்குனீங்கன்னா மேல குழியில நிக்கற தண்ணி பூராவும் நேரா சீட்டுல எறங்கிப்போடும். மூணு வருசமா ஒரு சொட்டு எறங்கலீங்க. நீங்க பெங்களூருல இருந்து வந்து அஞ்சு நிமிசத்துல எறக்கிப்போட்டுப் போயிராதீங்க. இப்படிக் கூரைக்கடியில வந்து உக்காருங்க. மயிலாத்தா, சாருக்கு அந்த நாற்காலியத் தொடைச்சுப் போடு. காப்பி வெய்யி.

ஓசூர்ப் பக்கமுங்களா நீங்க? அப்பச் சரி. பிளேன் மெக்கானிக்குன்னதும் இந்தி பேசற ஆளு யாராச்சும் வந்து நின்னுருவாங்களோன்னு நேத்துப் புடிச்சு எனக்குக் கவலை. என்ற தம்பி நல்லசிவத்துக்கு நீங்க சிநேகிதருன்னு எங்கூட்டுல சொன்னா. அங்க என்னையப் பத்தி என்ன சொல்லி வெச்சிருக்கான்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா, நீங்க நல்ல மனுசனாட்டத் தெரியுது, எதையாச்சும் சொல்லிச் சமாளிப்பீங்க. என்ன சொல்லியிருப்பான்? எங்கண்ணன் சென்னியப்பன் ஒரு கொப்பரை மூட்டைன்னு சொல்லியிருப்பான். வேற என்ன.

எங்கிட்டப் பேசறதில்லீங்க. மயிலாத்தாகிட்டத்தான் போன்ல பேசுவான். நங்கை நங்கைன்னு மணிக்கணக்காப் பேசுவான். அண்ணன் பொண்டாட்டி வேணும், அண்ணன் வேண்டாம். நானும் கூப்புடறதில்ல. பெரியவன் நான், நான் ஏனுங்க கூப்புடோணும்? இந்தத் தீவாளியன்னைக்குப் பேசறப்ப அவகிட்டச் சொன்னானாம். "ஒருத்தரை அனுப்பறேன் நங்கை. அவர் பாத்துட்டு பிளேன் நல்லா இருக்குதுன்னு சொன்னா நானே வர்றேன். அந்தக் களத்துலயே ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கறேன். கெட்டுப் போச்சுன்னு சொன்னா எடைக்குப் போட்டுருங்க. அதுக்கப்பறம் எனக்கு அங்க வந்து ஆகறது ஒண்ணுமில்ல." இவ போனக் கையில புடிச்சுட்டு என்ற மூஞ்சியவே பாக்கறா. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டறவனாட்ட அக்கட்டால போயிட்டேன்.

ஆக, இன்னைக்கு நீங்க என்ன சொல்றீங்களோ அதுலதான் அவன் வாறதும் வராததும் இருக்குது. வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும், எனக்கென்னங்க. அவன் ரூமுக்கு வெள்ளையடிச்சது மயிலாத்தா வேலை. நான் சுண்ணாம்பு வாங்கிக் குடுத்தேன். அடிக்கறப்ப ஏணியப் புடிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்.

எங்க தொழிலு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தேங்காய ரெண்டா ஒடைச்சு இந்தச் சிமிட்டிக் களத்துல பரப்பி, காஞ்சதும் பருப்பத் தோண்டி, மறுபடியும் காயப் போட்டு எண்ணெய் மில்லுக்கு அனுப்பறது. அந்தக் காஞ்ச பருப்புத்தான் கொப்பரை. எங்களுக்கு மழைன்னா எமன். ஊரே மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்தி மழை கேக்கும். நாங்களும் கூடப் போயி நின்னு கும்புட்டுக்குவோம். என்ன கும்புட்டோம்னு வெளிய சொல்லிக்கறதில்ல. ஒரு துளி உழுந்தாப் போதும், களத்துக்காரன் கால் நிக்காதுங்க. சோத்துல கையிருந்தாலும் எந்திரிச்சு ஓடுவான்.

எங்கப்பன் செத்தன்னைக்குப் பொணத்த வாசல்ல பந்தலுக்கடியில கெடத்தியிருக்குது. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்தாச்சு, பொம்பளைக ஒப்பாரி வெக்கறாங்க. மேக்க இருந்து வந்துச்சு பாருங்க மழை. களத்துல பருப்புக் காயுது. நான் ஓடுனேன். நான் ஓடறதப் பாத்து ஒறம்பரையும் ஓடுச்சு. வந்திருந்தவங்க எல்லாருமே களத்துக்காரங்கதான, பழக்கம். பருப்பத் தள்ளிக் குமிச்சு, படுதாவப் போட்டு, சுத்தியும் கல்லு வெச்சுட்டுத் திரும்பி வந்து பாத்தா, பொணத்துக்கிட்ட நல்லசிவம் மட்டும் உக்காந்திருக்கான். அப்ப அவன் பொடியன். பந்தல் ஒழுகி அப்பன் மூஞ்சி மேல சொட்டுது. அது மேல ரெண்டு கையையும் விரிச்சுப் புடிச்சுட்டு உக்காந்திருக்கான். அதுக்கு என்ன பண்றதுங்க? பொணம் நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. பருப்பு நனைஞ்சா அந்த வருசம் ஒல வெக்க முடியாது. அவன வளத்துப் படிக்க வெச்சதும் அந்தப் பருப்புத்தான்.

படிச்சான். நல்லாத்தான் படிச்சான். கோயமுத்தூருல பம்பு கம்பெனியில வேலை. ஒரு நாள் பொட்டியத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்கறான். வேலைய உட்டுட்டேன், பிளேன் கட்டப் போறேங்கறான். கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்து வெச்சிருந்தேன். அவங்க ஊட்டுல வந்து மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது? இருந்தாலும் குடோன்ல ஒரு பக்கத்த ஒழிச்சுக் குடுத்தேன். நான்தான் குடுத்தேன். அதை உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டான்.

அலுமினியக் குழாயும் தகடும் வந்து எறங்குச்சு. ரெக்கைக்குத் துணி வந்துச்சு. எஞ்சினு எங்கிருந்தோ மரப்பொட்டியில வந்துச்சு. அஞ்சாறு வருசம் உள்ள டொக்கு டொக்குன்னு சத்தம். ஊருக்குள்ள கேலின்னா கேலி. "சென்னியப்பண்ணா, இனிமே தேங்கா போடறதுக்கு ஆள் வேண்டாமாட்ட இருக்குது, மேலயே பறந்து போயிப் பறிச்சுக்குவீங்களா"ன்னு டீக்கடையில கேப்பானுங்க. ஆமாண்டா, அப்படியே உன்ற ஊட்டுக் கூரையில ஓட்டை இருக்குதான்னும் பாத்துட்டு வருவான்னு நான் சொல்லிப்போடுவேன். அவன நான் ஏசுவேன், அது வேற. ஊரான் ஏசறதுக்கு அவன் யாருங்க?

ஒண்ணு சொல்லோணும். அந்தக் குடோன்ல இரும்புச் சாமான் எதுவுமே நெலைக்காது. தகரத்து ஆணி உதுந்துரும். தராசுச் சங்கிலிய வருசா வருசம் மாத்தோணும். இப்பத்த இரும்பு அப்படித்தான் வருது, கலப்படம். இவன் வந்ததும் மொத வேலையா, கந்தகம் போடறத அங்க வெச்சுக்க வேண்டாம், தோட்டத்துக் கடைசியில இருக்கற கொட்டாயிக்கு மாத்துன்னான். மழைக் காலத்துல பருப்புல பூசணம் புடிச்சுரும். அதுக்காக மூடி வெச்சுக் கந்தகத்தக் கொளுத்திப் புகை போடுவோம், எங்க பாட்டன் காலத்துல இருந்து அப்படித்தான். என்னமோ காரணம் சொன்னான், நான் காதுல வாங்கல. பட்டணத்து மூக்கு, நெடி ஒத்துக்கலையாட்ட இருக்குதுன்னு நெனைச்சு மாத்திக் குடுத்தேன். எத்தனை விட்டுக் குடுத்திருக்கறேன் பாருங்க.

உடம்பு குடோனுக்குள்ள கட்டுனது. ரெக்கையக் களத்துல வெச்சுப் பூட்டுனான். பூட்டுனா, அப்பறம் கதவுல நுழையாது. படிச்ச புள்ளைக்கு இது தெரியலயேன்னு கேட்டேன். தெரியும், அந்தப் பக்கச் சுவத்த இடிச்சுப் பெரிய கதவா வெச்சுக்கலாம்னு ஆரம்பத்துலயே சொன்னேனேங்கறான். அப்பன் கட்டுன சுவருங்க அது. செங்கல்லு அவர் தோள்ல சொமந்தது. அதைப் போயி இடிக்கறதா? முடியாதுன்னுட்டேன். அப்பறம் இது வெளியதான் நிக்கோணும்னு ஆயிப்போச்சு. மயிலாத்தா இன்னைக்கும் சொல்லுவா, அந்தச் சுவத்த இடிச்சிருந்தா இத்தன படுதாவும் வேண்டாம், கயிறும் வேண்டாம்னு. அவளுக்கு என்ன தெரியும் சுவத்தோட அரும. ரெக்கையக் கழட்டி உள்ள வெக்கலாம்தான். அவன் பூட்டுனது. அவன் இல்லாம நான் ஒரு நட்டத் தொட மாட்டேனுங்க.

அனுமதி கினுமதின்னு அலைஞ்சு ஒருவழியா மாசியில ஒரு நாள் குறிச்சான். களத்துல ஓட ஆரம்பிச்சு, அதை ஒட்டுன சோளக்காட்டுல ஓடி, அங்க இருந்து எந்திரிக்கறதுன்னு ஏற்பாடு. காட்ட நெரவியும் வெச்சிருந்தான். அன்னைக்குன்னு பாத்து நல்ல வெயிலு. மாசி வெயில வீணாக்குனாப் பாவமுங்க. விடியறதுக்குள்ள ஆள உட்டு, ஒடைச்ச தேங்காயப் பூராவும் களத்துல பரப்பிப்போட்டேன். அது எங்க தொழிலு. வெயில் நம்ம சொல்லுக்கு நிக்குமா? இவன் குளிச்சுத் திருநீறு பூசிட்டு வந்து பாத்தான். களத்துல இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் தேங்கா. காஞ்சதும் எடுத்தர்றேன், அப்பறம் ஓட்டிக்கோன்னேன். ரெக்கை மேல கைய வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் நின்னான். மறுநாளும் வெயிலு நல்லா இருந்துச்சு. அந்த மாசம் பூராவுமே நல்ல வெயிலுங்க, களம் காலியாகவே இல்ல.

நான் பயந்துட்டேன்னு மயிலாத்தா சொல்லுவா. உங்களுக்குத் தம்பி கீழ உழுந்துருவான்னு பயம், அத வாயத் தொறந்து சொல்லாமத் தேங்காயப் பரப்பிட்டீங்கன்னு சொல்லுவா. எனக்கென்னங்க பயம்? வெயிலு இருந்துச்சு, காயப் போட்டேன்.

அப்பறம் சித்திரையில ஒரு கோடை மழை. அவன் டவுனுக்குப் போயிருந்தான். எங்கிட்ட இருந்தது ரெண்டு படுதா. ரெண்டும் பருப்புக்கே பத்தல. நான் பருப்பத்தான் மூடுனேன். வேற யாரா இருந்தாலும் அதத்தான் பண்ணுவாங்க. அவன் நனைஞ்சுட்டு ஓடியாந்து பாக்கறான், சீட்டுல தண்ணி நிக்குது. ஒரு சொம்ப எடுத்து மோந்து மோந்து வெளிய ஊத்துனான். ஊத்தி முடிச்சுட்டு எங்கிட்ட வந்தான். சத்தம் போடல. போட்டிருந்தாக்கூடத் தேவல.

"அப்பன் பொணத்தையே நனைய உட்டுட்டுப் பருப்புக்கு ஓடுனவன் நீ. உனக்குக் கொப்பரையத் தவிர ஒரு எழவும் தெரியாது. இதையும் மழையில போட்டு அழிச்சுத்தான் உடுவே."

இப்படிச் சொல்லிட்டு, டேங்குல இருந்த பெட்ரோல வடிச்சு எடுத்து வெச்சுட்டு, அன்னைக்கே பெங்களூருக்குப் பஸ் ஏறிப் போயிட்டான். இதையும்ங்கறான் பாருங்க. வேற எதைங்க நான் அழிச்சேன்? அந்த ஒரு வார்த்தை என்ற நெஞ்சுல இன்னைக்கும் குத்திட்டு நிக்குது. அன்னைக்கு முடிவு பண்ணுனேன். இது மேல ஒரு சொட்டுத் தண்ணி படாம வெச்சிருந்து, அவன் வாயாலயே நல்லா இருக்குதுன்னு சொல்ல வெக்கோணும்.

மறுநாளே ஈரோடு போயி இருக்கறதுலயே கனமான படுதாவா வாங்கியாந்தேன். அதுக்கு உள்பக்கம் பிளக்ஸ் பேனரு. எலெக்சன் முடிஞ்சு கெடந்தத எடுத்துட்டு வந்தேன். ரெண்டு கட்சிக்காரங்களும் உள்ள இருக்கறாங்க. மழைக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க. படுதா ரெக்கை மேல அழுந்தாம இருக்க மூங்கில்ல சட்டம் கட்டுனேன். டேங்கு மூடிக்கு மேல பாலித்தீன் பையப் போட்டு சைக்கிள் டியூப அறுத்துக் கட்டுனேன். முன்னால ஒரு சின்னக் குழா நீட்டிட்டு இருக்குதுங்களே, காத்து வேகம் பாக்கறதுன்னு சொல்லுவான், அதுக்கு ஒரு பேனா மூடியச் சொருகுனேன். கதவுக் கண்ணாடிச் சந்துக்குப் பழைய வேட்டியக் கிழிச்சுத் திணிச்சேன்.

ஒரு தப்பும் பண்ணுனேன். ரெக்கைக்கடியில பொடிப் பொடியா ஓட்டை இருந்துச்சு. தண்ணி இதுல ஏறுமாட்ட இருக்குதுன்னு மெழுக உருக்கி அடைச்சுப்போட்டேன். மொத மழை முடிஞ்சு ரெக்கைய ஆட்டிப் பாத்தா எளநியாட்டக் குலுங்குது. அப்பத்தான் வெளங்குச்சு, அது தண்ணி வெளிய போறதுக்குன்னே அவன் உட்ட ஓட்டை. எல்லாத்தையும் குத்தி எடுத்தேன். படுதாவ இன்னும் தாராளமா எறக்கிக் கட்டுனேன். அதோட சரி, அதுக்கப்பறம் ஒரு சொட்டு எறங்கல. தப்புன்னா ஒத்துக்கற ஆளு நான். அவனாட்ட இல்ல.

அதுல இருந்து மழைன்னா மொதல்ல பிளேனு, அப்பறந்தான் பருப்பு. இதை நான் சொல்லி நீங்க நம்போணும்னு இல்ல, ஊர்ல கேட்டுப் பாருங்க. போன வருசம் பருப்பு நனைஞ்சு கருத்துப் போயி மில்லுல இருந்து லோடு அப்படியே திரும்பி வந்துச்சு. சென்னியப்பனுக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னு பேசிக்கிட்டாங்க. என்ற காலு இந்தக் களத்துல பருப்ப விட்டுட்டு வேற பக்கம் ஓடும்னு எங்கப்பன் உசுரோட இருந்தா நம்ப மாட்டாரு. நல்லசிவத்துக்கு இதெல்லாம் தெரியாது. மயிலாத்தா போன்ல சொல்றேன் சொல்றேன்னா. நான்தான் கூடாதுன்னுட்டேன். நாம சொல்லித் தெரிஞ்சுட்டு வாறதுக்குப் பேரு பாசமா?

காப்பி எடுத்துக்குங்க. சக்கரை பத்தலைன்னா சொல்லுங்க.

ஆனா பாருங்க, வெளிய இருந்து வாற தண்ணியத் தடுத்துப்போடலாம். உள்ளயே ஊர்ற ஈரத்த என்ன பண்றது? ஒரு ஐப்பசியில படுதாவுக்குள்ள தலைய உட்டுப் பாக்கறேன், குப்புன்னு ஒரு வாடை. சீட்டுல, ரெக்கைத் துணியில, கருப்புக் கருப்பாப் பூசணம். படுதாவ அப்படியே போட்டுட்டு வெளிய வந்து உக்காந்துட்டேன். அப்பறம் எனக்கே சிரிப்பு வந்துச்சு. பூசணத்துக்கு மருந்து களத்துக்காரனுக்குத் தெரியாதா? பொறந்ததுல இருந்து அதத்தான பண்ணிட்டு இருக்கறேன்.

மண் சட்டியில கனல அள்ளிப் போட்டு, கந்தகத்தத் தூவி, இதுக்கடியில வெச்சு, படுதாவச் சுத்தியும் ஈர மண்ணப் போட்டு மூடிட்டேன். ஒரு இணுக்குப் புகை வெளிய போகல. பெட்ரோலுதான் இல்லையே, அதனால பயமில்ல. மறுநாள் தொறந்து பாத்தா, பூசணம் இருந்த எடந்தெரியல. அதுல இருந்து மழைக் காலம் பூராவும், வாரந் தவறாம. பருப்புக்குப் போடறதவிட ஒரு கை சேத்தியே போடுவேன். நெடியில எனக்கு இருமல் வந்துருச்சு, ஆசுபத்திரிக்காரர் இதை உட்டுருங்கன்னாரு. எப்படிங்க உடறது?

அத்தன படிச்சவனுக்கு இது தோணியிருக்குமா? கொப்பரையத் தவிர ஒரு எழவும் தெரியாதுன்னானே. அந்தக் கொப்பரை புத்திதான் அவன் பிளேனக் காப்பாத்தியிருக்குது. அவன் வந்து எறங்குனதும் மொதல்ல இதைத்தான் சொல்லோணும்னு வெச்சிருக்கறேன். சண்டையா இல்லீங்க. சிரிச்சுட்டே சொல்லோணும். சொல்லிட்டு, போடா, களம் காலியாத்தான் இருக்குது, ஓட்டுன்னு சொல்லோணும். அன்னைக்குத் தேங்கா காயப் போடறதா இல்ல. நானே கூட்டிப் பெருக்கி வெச்சிருக்கறேன், பாத்தீங்கல்ல வரறப்ப? வெயில் அடிச்சாலும் அடிச்சுட்டுப் போகட்டும்.

விட்டுருச்சு மழை. வாங்க. அந்தத் தலைப்பப் புடிங்க. இழுக்காம, சுருட்டிட்டே வாங்க. ஆங். அப்படித்தான். இப்ப பேனரு. மெதுவா.

பாருங்க. நல்லாப் பாருங்க. ஒரு சொட்டு இருக்குதா? சீட்டத் தொட்டுப் பாருங்க, காஞ்ச துணியாட்ட இருக்குது. பூசணம் இருக்குதான்னு பாருங்க. ரெக்கைய ஆட்டிப் பாருங்க, சத்தம் வருதா? தாராளமா டார்ச்சு அடிச்சுப் பாருங்க. எத்தன நேரம் வேணும்னாலும் பாருங்க.

ஏனுங்க, அங்கயே என்ன குனிஞ்சுட்டு இருக்கறீங்க?

வெள்ளையாவா? அது பொடிங்க. தொடைச்சாப் போயிரும். நானே துணியப் போட்டுத் தொடைப்பேன், மறுபடி பூத்துக்கும், செவுத்துல உப்புப் பூக்கறதாட்ட. அழுக்குத்தான் வெளிய வருதுன்னு நெனைச்சுக்குவேன். அந்த ஆணியத் தட்டாதீங்க. நகத்துல தட்டுனதுக்கேவா தலை வந்துருச்சு? இன்னொண்ணுமா? இது அவன் ஒவ்வொண்ணா உக்காந்து அடிச்சதுங்க. அந்தக் கம்பி வாலுக்குப் போறது. இழுத்துப் பாக்க வேண்டாமுங்க. இழை இழையா உதுருது. அத்தனை கம்பியுமா?

மழை இல்லீங்க. மழைத் தண்ணி எறங்குச்சான்னு கேக்கறீங்களே, இத்தன நேரம் என்ன சொல்லிட்டிருக்கறேன் நான்? எங்க குலசாமி மேல சத்தியமா ஒரு சொட்டு எறங்கல. நெடியா? கந்தக நெடிங்க. அதான் சொன்னேனே.

என்னங்க சொல்றீங்க? கந்தகப் புகையும் உள்ள நிக்கற ஈரமும் சேந்தா ஆசிடா? அது அலுமினியத்தத் தின்னுருமா? நீங்க சும்மா ஏதோ சொல்றீங்க. கொப்பரை மனுசன் திங்கற சாமானுங்க. அதையே ஒண்ணும் பண்ணாத புகை இரும்பையும் அலுமினியத்தையும் என்ன பண்ணிப்போடும்? எங்க பாட்டன் காலத்துல இருந்து போடறோம். அந்தக் குடோன்லயே எத்தன வருசமா...

தராசுச் சங்கிலி.

தகரத்து ஆணி. தராசுச் சங்கிலி. அன்னைக்குப் புகைய அக்கட்டால மாத்துன்னு என்னமோ காரணம் சொன்னானே, அது இதுதானுங்களா? நான் நெடின்னல்ல நெனைச்சேன்.

பழுது பாக்க முடியாதுங்களா? எங்கயாச்சும் கொண்டுபோயிப் புதுசாத் தகடு மாத்தி? ஒண்ணுமேவா? அடிச்சட்டம் வரைக்கும் போச்சுங்களா. எஞ்சினு? அதுவுமா. சரிங்க. சரி.

மயிலாத்தா, நீ உள்ள போ. ஒண்ணுமில்ல. சார் பாத்துட்டு இருக்காரு. போ.

பாருங்க, மழை பாடுபட்டும் பண்ண முடியாதத நான் என்ற கையாலயே பண்ணி வெச்சிருக்கறேன். வாரந் தவறாம. ஒரு கை சேத்தி.

உள்ளதையே சொல்றேங்கறீங்களா? அண்ணன் பாசத்துல தெரியாமப் பண்ணிட்டாருன்னு பக்குவமாச் சொல்றேங்கறீங்க. நீங்க நல்ல மனுசன், நான் மொதல்லயே சொன்னேன். ஆனா அவன உங்களுக்குத் தெரியாது. நான் வளத்தவன். உள்ளதச் சொன்னா ஒண்ணு சிரிப்பான், கொப்பரைக்காரன் புத்தியக் காட்டிட்டான்னு. இல்லீன்னா பாவம் பாப்பான். பாவம் பாத்தா நங்கைக்குப் போனப் போட்டு, அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க, எடைக்குப் போட்டுருங்கன்னு சொல்லிட்டு வெச்சுருவான். சிரிச்சவனும் வர மாட்டான், பாவம் பாத்தவனும் வர மாட்டான். அப்பறம் எந்தச் சாக்குல அவன் இந்த வாசலுக்கு வருவான்? சொல்லுங்க.

அதனால நான் சொல்றாப்பல சொல்லுங்க. உங்கண்ணன் மழையில போட்டுட்டான்னு சொல்லுங்க. ஒரு கிழிஞ்ச படுதாகூடப் போடல, பருப்ப மூடிட்டு இதை நனைய உட்டுட்டான், நீ சொன்ன மாதிரியே அழிச்சுப்போட்டான்னு சொல்லுங்க. கேட்டா அவனுக்குக் கோவம் வரும். எங்க வம்சத்துக் கோவம் எனக்குத் தெரியும், போன்ல தீராது. மூஞ்சிக்கு நேரா வந்து நாலு கேள்வி கேட்டாத்தான் தீரும். கேக்கட்டுங்க. சண்டை போடவாச்சும் வரட்டும். அவன் நின்னு ஏசறத நான் ஒரு நாள் முழுக்கக் கேட்டுட்டு நிக்கறேன்.

பொய் சொல்ல மாட்டேன்னு யோசிக்கறீங்க. மேக்க பாருங்க, மறுபடியும் கறுத்துட்டு வருது. பொய்யாகாமப் பண்ணிக்கலாம். அந்தப் படுதாவ எடுக்காதீங்க. மூட வேண்டாம். அவன் வந்து பாக்கறப்ப நனைஞ்சு கெடக்கோணுமல்ல. மயிலாத்தா, இங்க வா. இந்தப் படுதா, பேனரு, மூங்கிலு எல்லாத்தையும் குடோனுக்குள்ள கொண்டுபோயிப் போட்டுக் கதவச் சாத்து. என்னைய ஒண்ணும் கேக்காத. கொண்டுபோ.

வந்துருச்சு. பெருந்துளியா உழுகுது. ரெக்கையில கேக்குது பாருங்க சத்தம். சீட்டுல எறங்குது.

ஏனுங்க, இப்படிக் கொஞ்சம் கிட்ட வாங்க. என்ற கையப் புடிச்சுக்குங்க. இன்னும் இறுக்கிப் புடிங்க, உட்டுராதீங்க. மழை உழுந்தா களத்துக்காரன் கால் நிக்காதுங்க.